சேலத்துக்கு ஏன் பெரிய விமானம் வருவதில்லை? செல்போன் விமானிகள் போடும் கணக்கு

இரவு 9 மணி. வேலை முடிந்து வீடு திரும்பிய ஒருவர் செல்போனைக் கிடைமட்டமாகப் பிடித்துக்கொண்டு சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதையில் நிற்கிறார். திரையில் இருப்பது இரண்டு விசிறிகள் கொண்ட ஏ.டி.ஆர். 72 விமானம். போக வேண்டிய ஊர் சேலம். நேர்கோடு போட்டால் தூரம் சுமார் 265 கி.மீ. பாதி வழி தாண்டும்போது இடது ஜன்னலில் திருவண்ணாமலை தெரியும். வலது ஜன்னலில் ஜவ்வாது மலையின் தெற்குச் சரிவுகள். மலை முடிந்ததும் இறங்கத் தயாராக வேண்டியதுதான்.

இது வெறும் விளையாட்டு இல்லையா என்று கேட்கலாம். விளையாட்டுதான். ஆனால் இந்தப் பயணத்துக்கு முன்னால் அவர் ஒரு முடிவு எடுத்திருக்கிறார்: இந்த வழித்தடத்துக்கு எந்த விமானம்? இதே கேள்விக்கு நிஜ விமான நிறுவனங்கள் சொல்லும் பதிலைப் பொறுத்துதான் சேலத்துக்கு விமானம் வருகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது. ஜவ்வாது மலையின் வடக்கே இருக்கும் வேலூர் இன்னும் காத்திருப்பதற்கும் இதே கேள்விதான் காரணம்.

மெய்நிகர் விமான நிறுவனம் என்றால் என்ன?

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன் போன்றவை கணினியில் இயங்கும் விமானப் பாவனை மென்பொருள்கள். செல்போனில் ஓட்டுபவர்களுக்கு இன்ஃபினிட் ஃபிளைட் இருக்கிறது. இவற்றில் தனியாகப் பறப்பது ஒரு வகை. பலர் ஒன்று சேர்ந்து நிஜ நிறுவனம் போலவே அட்டவணை, விமானங்கள், பதவி உயர்வு எல்லாம் வைத்துப் பறப்பது இன்னொரு வகை. இரண்டாவதுதான் மெய்நிகர் விமான நிறுவனம்.

சம்பளம் கிடையாது, டிக்கெட் விற்பனையும் கிடையாது. உறுப்பினர் ஒரு பயணத்தைத் தேர்ந்தெடுப்பார், ஓட்டுவார், முடிந்ததும் எவ்வளவு நேரம் பறந்தார், எவ்வளவு எரிபொருள் செலவானது, எவ்வளவு மென்மையாக இறங்கினார் என்ற அறிக்கை பதிவாகும். 2001-இல் தொடங்கிய வாட்சிம் போன்ற வலையமைப்புகளில் இணைந்தால், தரைக் கட்டுப்பாட்டு அதிகாரியாகவும் தன்னார்வலர் ஒருவரே பேசுவார்.

இதில் புதிதாகச் சேர்பவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு ஒன்றே ஒன்றுதான். இருப்பதிலேயே பெரிய விமானத்தை எடுப்பது. போயிங் 777-ஐச் சேலத்தில் இறக்கிப் பார்க்கும் ஆசை யாருக்குத்தான் இல்லை! சில மென்பொருள்கள் அதை அனுமதிக்கவும் செய்யும். ஆனால் ஒழுங்காக நடக்கும் மெய்நிகர் நிறுவனத்தில் அந்தப் பயணம் அட்டவணையிலேயே இருக்காது. ஏன் என்பதற்கு நான்கு கணக்குகள் இருக்கின்றன.

முதல் கணக்கு: தூரம்

ஏ320 நியோ போன்ற ஜெட் விமானம் மணிக்கு சுமார் 830 கி.மீ. வேகத்தில் பறக்கும். ஏ.டி.ஆர். 72-600 மணிக்கு சுமார் 510 கி.மீ. அப்படியென்றால் ஜெட்தானே சீக்கிரம் போகும்? டெல்லிக்குப் போனால் ஆமாம். சேலத்துக்குப் போனால் வித்தியாசம் பெரிதாக இல்லை.

ஜெட் இன்ஜின் சிக்கனமாக ஓடுவது உயரத்தில், அதாவது 35,000 அடி அளவில். 265 கி.மீ. பயணத்தில் அந்த உயரத்துக்கு ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பிக்க வேண்டும். அதனால் ஜெட் தாழ்வான உயரத்திலேயே, எரிபொருளை அதிகமாகக் குடித்தபடி பறக்கும். ஓடுபாதைக்கு நகர்வது, வரிசையில் காத்திருப்பது, இறங்கச் சுற்றி வருவது எல்லாம் இரண்டு விமானங்களுக்கும் ஒன்றுதான். கடைசியில் மிச்சமாவது பத்துப் பதினைந்து நிமிடம். ஏ.டி.ஆர். 20,000 அடிக்குக் கீழேயே நிம்மதியாகப் பறக்கக் கூடிய விமானம். குறைந்த தூரம் அதற்காகவே அளந்து வைத்தது போல.

எரிபொருளைப் பாருங்கள். ஏ.டி.ஆர். மணிக்கு உத்தேசமாக 650 முதல் 700 கிலோ எரிக்கும். ஏ320 நியோ மணிக்கு 2,000 கிலோவுக்கு மேல். நீண்ட தூரத்தில், இருக்கைகள் நிரம்பினால், ஒரு பயணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் எரிபொருளில் ஏ320 ஜெயித்துவிடும். குறைந்த தூரத்தில், பாதி காலியாகப் பறந்தால், மொத்தமாகத் தோற்கும்.

இரண்டாவது கணக்கு: ஓடுபாதை

சென்னையின் பிரதான ஓடுபாதை 3.6 கி.மீ.க்கு மேல் நீளம். சேலத்தின் ஓடுபாதை 1,806 மீட்டர். சரிபாதி.

ஏ.டி.ஆர். 72-600 முழு எடையோடு, கடல் மட்டத்தில், இதமான வெப்பநிலையில் கிளம்ப சுமார் 1,300 மீட்டர் தேவை. சேலத்தில் தாராளம். ஏ320 நியோ முழு எடையில் ஏறத்தாழ 2 கி.மீ. கேட்கும். “சென்னை வரைக்கும்தானே, கொஞ்சமா எரிபொருள் போட்டா கிளம்பிடாதா?” என்று பலர் கேட்பது உண்டு. காகிதத்தில் கிளம்பிவிடும். ஆனால் ஏப்ரல் மதியம் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது காற்று லேசாகிவிடும். லேசான காற்றில் இறக்கைக்குத் தூக்கும் விசை குறையும், இன்ஜினுக்கு உந்துசக்தி குறையும். அதே விமானம் இன்னும் நீளமான ஓடுபாதை கேட்கும். சேலம் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருப்பதும் இதில் சேரும். ஈரமான ஓடுபாதை, பாதியில் பிரேக் போட வேண்டிய நிலை எல்லாவற்றுக்கும் இடம் விட வேண்டும்.

நீளம் மட்டும் போதாது. தளத்தின் தாங்கும் வலு, விமானத்தை நிறுத்த இடம், அதன் அளவுக்கேற்ற தீயணைப்பு வண்டிகள் எல்லாம் வேண்டும். அதிகபட்சமாக 350 டன் எடையில் கிளம்பக் கூடிய 777-300 இ.ஆர். இந்தப் பேச்சிலேயே சேராது.

இதற்கு நாடறிந்த உதாரணம் சிம்லா. 2017 ஏப்ரல் 27 அன்று உடான் திட்டத்தின் முதல் விமானம் சிம்லாவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பியது. அது ஏ.டி.ஆர். 72-இன் தம்பியான ஏ.டி.ஆர். 42. மலை முகட்டில் 1,500 மீட்டர் உயரத்தில், சுமார் 1,200 மீட்டர் நீள ஓடுபாதை. அந்தச் சிறிய விமானமே அங்கிருந்து கிளம்பும்போது பல இருக்கைகளைக் காலியாக விட வேண்டியிருந்தது.

மூன்றாவது கணக்கு: எடை

மெய்நிகர் விமானிகள் பலர் பயணத் திட்டத்துக்கு சிம்பிரீஃப் என்ற இணையக் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். விமானம், ஊர், பயணிகள் எண்ணிக்கை கொடுத்தால் எரிபொருள் கணக்கைத் தந்துவிடும். அந்தக் கணக்கின் உள்ளே இருப்பது இதுதான்.

சென்னையிலிருந்து சேலம் போக ஏ.டி.ஆருக்கு உத்தேசமாக 600 கிலோ. சேலத்தில் இறங்க முடியாவிட்டால் திருச்சிக்குப் போக 300 கிலோ. அங்கேயும் காத்திருக்க நேர்ந்தால் அரை மணி நேரத்துக்கு 300 கிலோ. எதிர்பாராததற்குக் கொஞ்சம், தரையில் நகரக் கொஞ்சம். எல்லாம் சேர்த்து 1,300 கிலோ அளவுக்கு வரும்.

காலி விமானம் சுமார் 13.6 டன். பெட்டியோடு சேர்த்து ஒரு பயணிக்கு 95 கிலோ என்று வைத்தால் 78 பேருக்கு 7.4 டன். எரிபொருள் 1.3 டன். கூட்டினால் 22.3 டன். ஏ.டி.ஆர். 72-600 கிளம்பக் கூடிய அதிகபட்ச எடை 23 டன். கணக்கு கச்சிதமாக உட்காருகிறது.

இதையே 1,400 கி.மீ. தூரத்துக்கு நீட்டினால்? எரிபொருள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். அந்த எடைக்கு இடம் விட, பயணிகளையோ பெட்டிகளையோ இறக்க வேண்டும். “1,500 கி.மீ. பறக்கும்” என்று விளம்பரத்தில் இருப்பதற்கும், எல்லா இருக்கையும் நிரம்பி, வெயிலில், மாற்று விமான நிலையத்துக்கான எரிபொருளோடு பறப்பதற்கும் இடையில் உள்ள வித்தியாசம் இதுதான். மெய்நிகர் நிறுவனங்களில் புதியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடமும் இதுவே.

நான்காவது கணக்கு: எத்தனை பேர் வருவார்கள்?

ஒரு நாளைக்கு ஒரு திசையில் 60 பேர் பயணம் செய்யும் ஊர் என்று வைத்துக்கொள்வோம். 78 இருக்கை ஏ.டி.ஆரில் முக்கால் பங்குக்கு மேல் நிரம்பும். 186 இருக்கை ஏ320-இல் மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பாது.

பயணிகள் 140 பேராக உயர்ந்தால்? அப்போதும் ஒரு பெரிய விமானத்தைவிட, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று இரண்டு சிறிய விமானங்களே பல சமயம் மேல். காலையில் சென்னை போய் வேலை முடித்து இரவு வீடு திரும்ப வேண்டியவருக்குத் தேவை நேரம்தான். மதியம் ஒரே ஒரு விமானம் இருந்தால், எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அவர் ரயிலில்தான் போவார்.

பாவனை மென்பொருளில் பயணிகள் எண்ணிக்கையை நாமே தட்டச்சு செய்துகொள்ளலாம். நிஜத்தில் முடியாது. விளையாட்டுக்கும் நிஜத்துக்கும் உள்ள பெரிய இடைவெளி இங்கேதான்.

சேலம் சொல்லும் கதை

சேலம் விமான நிலையம் ஓமலூர் அருகே கமலாபுரத்தில் இருக்கிறது. கிங்ஃபிஷர் நிறுவனம் அங்கே சில காலம் ஏ.டி.ஆர். ஓட்டியது, பிறகு நின்றது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தின் கீழ் ட்ரூஜெட் நிறுவனம் சென்னை - சேலம் சேவையை ஏ.டி.ஆர். 72 மூலம் தொடங்கியது. 2021-இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர் பெங்களூரு, கொச்சிக்கும், இண்டிகோ சென்னை, ஹைதராபாத்துக்கும் சேலத்திலிருந்து பறக்கத் தொடங்கின. இந்த முறையும் ஏ.டி.ஆர்.தான்.

நிறுவனங்கள் மாறின, விமானம் மாறவில்லை. 1,806 மீட்டர் ஓடுபாதையும் 265 கி.மீ. தூரமும் வேறு பதிலுக்கு இடம் தரவில்லை.

“அப்ப ரன்வேயை நீட்டிட வேண்டியதுதானே?” என்று கேட்பது எளிது. தூத்துக்குடியில் அதுதான் நடந்தது. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, புதிய முனையத்தோடு 2025 ஜூலையில் திறந்துவைக்கப்பட்டது. ஆனால் ஓடுபாதையை நீட்ட நிலம் வேண்டும். சேலத்தில் விரிவாக்கத்துக்காக நிலம் எடுக்கும் முயற்சி 2018-இல் சூடுபிடித்தபோது கமலாபுரம் சுற்றுவட்டார விவசாயிகள் கடுமையாக எதிர்த்தார்கள். பெரிய விமானத்தின் விலையில் அந்த விளைநிலமும் சேர்ந்திருக்கிறது. செல்போன் திரையில் அந்த நிலம் ஒரு பச்சைச் சதுரம் மட்டுமே.

மலைக்கு வடக்கே: வேலூரின் சிக்கல்

ஜவ்வாது மலைக்கு வடக்கே, அப்துல்லாபுரத்தில் வேலூர் விமான நிலையம் இருக்கிறது. ஓடுபாதை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. உடான் திட்டத்தின் கீழ் 19 இருக்கை விமானங்களுக்கு ஏற்றபடி இது மேம்படுத்தப்பட்டது.

அந்த அளவில் டோர்னியர் 228, ட்வின் ஆட்டர் போன்ற விமானங்கள் உண்டு. டோர்னியரை இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் இந்தியாவிலேயே தயாரிக்கிறது. 2022 ஏப்ரலில் அசாமின் திப்ருகரிலிருந்து அருணாச்சலப் பிரதேசத்தின் பாசிகாட்டுக்கு அலையன்ஸ் ஏர் இதைப் பயணிகள் சேவையில் விட்டது. குட்டி ஓடுபாதைகளில் ஏறி இறங்கும் வண்டி. ஆனால் உள்ளே காற்றழுத்தம் பராமரிக்கும் வசதி கிடையாது. அதனால் தாழ்வாகப் பறக்க வேண்டும், மேகத்தையும் மழையையும் தாண்டி மேலே போக முடியாது.

இப்போது நான்கு கணக்குகளையும் வேலூருக்குப் போட்டுப் பாருங்கள். சென்னை நேர்கோட்டில் சுமார் 120 கி.மீ. காட்பாடியிலிருந்து விரைவு ரயில் இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய்விடும். விமான நிலையத்துக்கு முன்கூட்டியே போய்க் காத்திருக்கும் நேரத்தைச் சேர்த்தால் விமானம் ரயிலிடம் தோற்கும். பெங்களூரு சுமார் 150 கி.மீ. அங்கேயும் சாலையும் ரயிலும் போட்டிக்கு நிற்கின்றன.

வேலூருக்கு விமானம் உண்மையில் தேவைப்படுவது யாருக்கு? சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வருகிற நோயாளிகளுக்கு. கொல்கத்தா இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 1,450 கி.மீ. ரயிலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். அறுவை சிகிச்சை முடிந்த உடம்போடு அந்தப் பயணத்தை நினைத்துப் பார்த்தால் போதும்.

அந்தத் தூரத்துக்குப் பொருத்தமானது ஏ320 வகை. அதற்கு இந்த ஓடுபாதை பாதிகூடப் போதாது. இந்த ஓடுபாதைக்குப் பொருத்தமானது 19 இருக்கை விமானம். அது முழுப் பயணிகளோடு நிற்காமல் கொல்கத்தா போகாது. தேவை ஒரு விமானத்தைக் கேட்கிறது, ஓடுபாதை வேறு விமானத்தைக் காட்டுகிறது. வேலூரின் சிக்கலை ஒரே வரியில் சொன்னால் இதுதான்.

பொருத்தம் தப்பினால் என்ன ஆகும்?

மெய்நிகர் நிறுவனத்தில் தப்பான விமானத்தை எடுத்தால் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். நிஜத்தில் ஓர் ஊர் சேவையை இழக்கும்.

இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023-இல் உடான் திட்டம் பற்றி வெளியிட்ட அறிக்கை இதைக் காட்டுகிறது. மூன்றாம் சுற்று வரை ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-இல் 112 மட்டுமே மானியம் கிடைக்கும் 3 ஆண்டு காலத்தை நிறைவு செய்தன. அதற்குப் பிறகும் 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தவை 54.

காரணங்கள் பல: விமான நிலையங்கள் தயாராகவில்லை, பயணிகள் போதவில்லை, சில நிறுவனங்களே மூடப்பட்டன. அந்தப் பட்டியலில் பொருத்தமான சிறிய விமானங்கள் போதிய எண்ணிக்கையில் இல்லாததும் ஒன்று. 180 இருக்கை விமானங்களை நூற்றுக்கணக்கில் வாங்கும் நாட்டில், 19 இருக்கை விமானம் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருக்கிறது. சிறிய விமானத்திலும் இரண்டு விமானிகள்தான் வேண்டும், பராமரிப்பும் அதே கறார்தான். ஆனால் அந்தச் செலவை 186 பேருக்குப் பதிலாக 19 பேர் பங்கிட வேண்டும்.

நீங்களே போட்டுப் பார்க்க ஐந்து கேள்விகள்

அடுத்த முறை சிமுலேட்டரைத் திறக்கும்போதோ, “எங்க ஊருக்கு எப்ப பிளேன் வரும்?” என்று பேச்சு வரும்போதோ இவற்றை வரிசையாகக் கேட்டுப் பார்க்கலாம்.

1. தூரம் எவ்வளவு? 500 கி.மீ.க்குள் என்றால் முதலில் விசிறி விமானத்தைப் பாருங்கள்.

2. இரண்டு ஊர்களில் எதன் ஓடுபாதை குட்டை? முடிவு எடுப்பது அதுதான், நீளமானது அல்ல. அந்த ஊரின் உயரத்தையும் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. மாற்று விமான நிலையம் எது? அதற்கான எரிபொருளைச் சேர்த்த பிறகும் எல்லாப் பயணிகளையும் ஏற்ற முடிகிறதா?

4. தினமும் எத்தனை பேர் வருவார்கள்? மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பாத விமானம் பெரிய விமானம்.

5. ரயிலும் பேருந்தும் எவ்வளவு நேரத்தில் போகின்றன? இதற்குப் பதில் விமானத்துக்குச் சாதகமாக இல்லையென்றால் முதல் நான்கையும் மறந்துவிடலாம்.

ஜவ்வாது மலைக்கே விமானம் விட முடியுமா என்றும் சிமுலேட்டரில் சிலர் முயன்று பார்ப்பார்கள். சமதளமான ஓடுபாதைக்கு அங்கே இடமில்லை, ஹெலிகாப்டர் வேண்டுமானால் இறங்கலாம். மலை மேல் காவலூரில் 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. அதற்கு வேண்டியது வெளிச்சம் குறைந்த வானம். ஜமுனாமரத்தூர் மக்களுக்கு முதலில் வேண்டியது மழையிலும் ஓடும் பேருந்தும், சீக்கிரம் வந்து சேரும் ஆம்புலன்ஸும். வழித்தடத்துக்கு ஏற்ற வண்டி என்ற கணக்கைச் சரியாகப் போட்டால், சில ஊர்களுக்கு வரும் விடை விமானமே இல்லை.

செல்போன் விமானி இதற்குள் கமலாபுரத்தில் இறங்கிவிட்டார். ஓடுபாதையில் இன்னும் 600 மீட்டர் மிச்சம். ஏ320 எடுத்து வந்திருந்தால் இந்த மிச்சம் இருந்திருக்காது.